மணியும் பனியும்

நாயும் பனியும் சேர்ந்தால் குஷிதான் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவை வாழ்த்து அட்டைகளும் இங்கிலீஷ் படங்களும். முழுப் பொய் இல்லை. முதல் நாள் பனியில் பல நாய்களுக்குக் கிறுக்கே பிடித்துவிடும். குதிக்கும், புரளும், மூக்கால் ஏர் உழும். இரண்டாம் நாள் என்ன ஆகிறது என்பதை வளர்ப்பவரைக் கேட்க வேண்டும்.

கேட்டேன். நண்பர் ஒருவர் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் இருக்கிறார். ஊர்ப் பெயரைப் பார்த்து எருமைகளைத் தேட வேண்டாம். பக்கத்தில் இருப்பது ஈரி என்ற பிரம்மாண்டமான ஏரி. குளிர்காலம் தொடங்கும்போது அதன் தண்ணீரில் கோடையின் சூடு கொஞ்சம் பாக்கி இருக்கும். மேலே வீசும் குளிர்காற்று அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டிவிடும். 2022 நவம்பரில் ஊருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் பகுதியில் மட்டும் சுமார் 80 அங்குலம். நண்பர் வீட்டு நாய் பீகிள் ஜாதி. பெயர் மணி. பீகிளின் உயரம் 15 அங்குலத்தைத் தாண்டாது. ஐந்து மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் முழுகிவிடும்.

அந்த வாரம் போன் செய்தார்.

"சார், மணி நேத்து ராத்திரியிலேர்ந்து போகலை."

"எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இல்ல சார். ஒண்ணுக்கு."

கதவைத் திறந்தால் மணி ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறான். அப்புறம் 'இங்கே ஒரு தோட்டம் இருந்ததே, யாருக்கு வித்தே?' என்பதுபோல நண்பரின் முகத்தைப் பார்க்கிறான். நியாயமான கேள்வி. நாய் மூக்கால் வாழ்கிற பிராணி. தெருமுனைக் கம்பம்தான் அதற்குக் காலைப் பேப்பர். யார் வந்தார், யார் போனார், எல்லாம் அதில் இருக்கும். குளிரில் வாசனை மேலே எழும்புவது குறைகிறது. அதன்மேல் புதுப் பனியும் மூடிவிட்டால் பேப்பர் வெறும் வெள்ளைத்தாளாக வந்த கதை. எங்கே காலைத் தூக்குவது?

நண்பர் மண்வெட்டியை எடுத்தார். புல் தெரிகிறவரை பத்தடிக்கு ஒரு பாதை வெட்டினார். மணி ஓடினான். ரொம்ப நேரம் ஆச்சு என்றார்.

வெறுங்காலோடு எப்படி நடக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு நாயின் பாதத்திலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. 2011ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து விவரமாகச் சொன்னார்கள். பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும், குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களும் ஒட்டி உறவாடுகின்றன. போகிறவர் தன் கம்பளியைக் கழற்றி எதிரே நடுங்கி வருகிறவருக்குப் போர்த்திவிடுகிற மாதிரி. உடம்புக்குள் ஜில்லென்ற ரத்தம் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு 'நாய்க்குத்தான் குளிராதே' என்று முடிவு கட்டினால் ஆபத்து. இந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. மணி பத்து நிமிஷ வாக்கிங்கில் சட்டென்று நின்று ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வான். பார்ப்பவர்கள் 'ஷேக்ஹாண்ட் கேக்குது' என்று சிரிப்பார்கள். அவன் சொல்வது 'வலிக்குது' என்று. ரோட்டில் ஐஸ் கரைய உப்பைக் கொட்டுகிறார்கள். அந்தக் கல் விரலிடுக்கில் ஒட்டி எரியும். வீட்டுக்கு வந்து நக்கினால் வயிற்றைக் கலக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை அலம்பித் துடைத்துவிட்டால் போதும். இரண்டு நிமிஷ வேலை.

அதைவிடப் பெரிய எமன், கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். தித்திக்கும். ஒழுகித் தரையில் தேங்கியதைக் கொஞ்சம் நக்கினாலே கிட்னி போய்விடும். 2012ல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அதில் கசப்பு கலக்கச் சம்மதித்தார்கள். கசந்தாலும் விஷம் விஷம்தான். துடைத்து வைப்பது மனுஷன் வேலை.

முடி விஷயமும் இப்படித்தான். சைபீரியன் ஹஸ்கிக்கு உள்ளே பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு, வெளியே நீள முடியாக இன்னோர் அடுக்கு. அது பனியிலேயே சுருண்டு படுத்துத் தூங்கும். சிவாவாவுக்கோ நம்மூர் சிப்பிப்பாறைக்கோ அவ்வளவு அடர்த்தியான உள்ளடுக்குக் கிடையாது. பஃபலோவுக்குப் போனால் ஸ்வெட்டர் கேட்கும். 'எல்லாம் நாய்தானே' என்கிற வாக்கியத்தில்தான் கோளாறு.

அதே கோளாறு இங்கே தலைகீழாக நடக்கிறது. சென்னையில் மே மாத வெயிலில், இரண்டு கம்பளி போர்த்திய ஹஸ்கியை சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாக்கு தரையைத் தொடுகிறது. 'வீட்டுல ஏஸி இருக்கு சார்' என்கிறார் ஓர் இளைஞர். இருக்கட்டும். கரண்ட்?

நாய் வாங்க ஆசைப்படுபவர்கள் போட்டோவைப் பார்க்குமுன் அதன் சொந்த ஊரைக் கேளுங்கள். கல்யாணத்துக்கே விசாரிக்கிறோம். இது பத்துப் பன்னிரண்டு வருஷம் வாயைத் திறந்து குறை சொல்லாமல் கூடவே இருக்கப் போகிற ஜீவன்.