கடல் கடந்து சம்பந்தம் பேசப் போகுமுன்...



அம்பத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதியுள்ள கடிதமே இம்மாதச் சிந்தனைக்குக் காரணம். அவருடைய கணவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். ஒரே மகள், பட்டதாரி. மூன்று தலைமுறையாகப் பினாங்கில் வாழும் இராமநாதபுரத்துக் குடும்பம் ஒன்று பெண் கேட்டுள்ளது. புகைப்படங்கள் வந்தன; கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியும் ஆயிற்று. "எங்கள் வீட்டையும் வாழ்க்கையையும் ஒருமுறை நேரில் பாருங்கள், பிறகு முடிவு சொல்லுங்கள்" என்கிறாராம் மாப்பிள்ளையின் தாயார். பெண்ணின் பெரியத்தாவோ, "பெண் வீட்டார் மாப்பிள்ளை வாசலில் போய் நிற்பதா? ஊர் சிரிக்காதா?" என்று தடுக்கிறாராம். "போகலாமா? போனால் மகளையும் அழைத்துச் செல்லலாமா?" இதுவே அத்தாயின் கேள்வி.

போக வேண்டும் என்பதே என் பதில்.

பெண் வீட்டார் முன்னே அடியெடுத்து வைப்பது இழிவு என்பது ஊர் வழக்கே தவிர, மார்க்கமன்று. எகிப்திலிருந்து தப்பி மத்யன் சென்ற மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை சூரத்துல் கஸஸில் ஓதுகிறோம். நீர்த்துறையில் இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர் தண்ணீர் புகட்டினார். வலிமையும் நம்பகமும் உடையவர் என்று அப்பெண்களில் ஒருத்தி தந்தையிடம் எடுத்துரைத்தாள். தந்தையே முன்வந்து, தம் மகளை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு எட்டு ஆண்டுகள் பணிபுரிய வேண்டுமென்றும் பேசினார். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும், விதவையான தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்காக உஸ்மான் (ரலி), அபூபக்கர் (ரலி) இருவரிடமும் தாமே சென்று பேசினார்கள். அவர்களுக்கு வராத இழிவு நமக்கு எங்கிருந்து வரும்?

அந்நாளில் தமிழகத்திற்கும் பினாங்கிற்கும் இடையே தொலைவு மிகுதி. ஆனால் செய்திக்குப் பஞ்சமில்லை. 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி நம் மக்கள் கடை வைத்து வாழ்ந்தனர். 'ரஜூலா'விலும், பின்னர் 1985-இல் தீ விபத்துக்குள்ளாகும்வரை ஓடிய 'சிதம்பரம்' கப்பலிலும் ஊரார் வந்து போயினர். இன்னார் மகன் தொழுகையாளியா, கடன்காரனா என்பதைக் கப்பலில் வந்த யாரேனும் ஒருவர் சொல்லிவிடுவார். இன்று விமானம் நான்கைந்து மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. ஆனால் அந்தச் சாட்சி சொல்லும் மனிதர் இல்லை. திரையில் தெரிவது அவர்கள் காட்ட விரும்பும் அறை மட்டுமே. ஆகவேதான் நேரில் போகச் சொல்கிறேன்.

போனபின் வீட்டின் தளத்தையும் வாகனத்தையும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மாப்பிள்ளை தம் தாயிடமும், கடையில் வேலை செய்யும் பையனிடமும் எவ்வாறு பேசுகிறார் என்று கவனியுங்கள். அருகிலுள்ள பள்ளிவாசல் இமாமிடமும் அண்டை வீட்டாரிடமும் விசாரியுங்கள். இது புறம் பேசுவதாகாது. தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) ஆலோசனை கேட்டபோது, ஒருவர் பொருளற்றவர், மற்றவர் பெண்களிடம் கடுமை காட்டுபவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைக்காமல் கூறியுள்ளார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பினாங்கின் தமிழ் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் இன்று மலாய் மொழியே புழங்குகிறது. அந்த அடுக்களையில் உங்கள் மகள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாள்? வேலைக்குப் போக விடுவார்களா? ஆண்டுக்கொரு முறை தாய்வீடு அனுப்புவார்களா? அந்நாட்டில் மனைவி தங்கும் அனுமதிக்குக் கணவரே பிணை நிற்க வேண்டும். அதற்கு அவர் என்ன ஏற்பாடு செய்துள்ளார்? கேட்கக் கூசாதீர்கள். மலேசியாவில் முஸ்லிம் திருமணத்திற்கு மாநில இஸ்லாமிய சமய இலாகாவின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே மனைவி உள்ளவர் மறுமணம் செய்ய ஷரீஅத் நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். ஆகவே மாப்பிள்ளையின் மண நிலைக்கான சான்றைக் கேட்பது அவமதிப்பன்று.

மகளை அழைத்துச் செல்லலாமா? தந்தை மஹ்ரமாக உடன் வர, தாராளமாக. மணம் பேசிய பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படியும், அதனால் இருவரிடையே இணக்கம் நிலைக்கும் என்றும் முகீரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பார்க்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டு. பெரியவர்கள் இருக்கும் அவையில் பேசட்டும், தனித்திருக்க வேண்டா. மூவர் செல்ல வசதியில்லையேல், பெற்றோர் சென்று வந்தபின் மாப்பிள்ளை இங்கு வரட்டும்.

இப்போது மிக முக்கியமானதைச் சொல்கிறேன். 'வேண்டாம்' என்று சொல்லித் திரும்பும் வழியை அடைத்துக்கொண்டு புறப்படாதீர்கள். நகையை வட்டிக்கு வைத்துப் பயணச்சீட்டு வாங்கினால், அந்தக் கடனே உங்களைத் தலையாட்ட வைக்கும். தெரு முழுவதும் சொல்லிவிட்டுப் போனால், ஊர் வாய்க்கு அஞ்சித் தலையாட்டுவீர்கள். அவர்கள் வீட்டிலேயே பத்து நாள் தங்கினால், உண்ட உப்பு நாவைக் கட்டிவிடும். ஆகவே கையிருப்பில் போங்கள். நெருங்கியவர்க்கு மட்டும் சொல்லிப் போங்கள். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குங்கள். அங்கேயே வாக்களிக்காதீர்கள். "ஊர் திரும்பி, இஸ்திகாரா தொழுது, மகளின் சம்மதம் கேட்டுச் சொல்கிறோம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். நல்ல குடும்பம் இதற்காக மனம் கோணாது. கோணுமாயின், அதுவும் நீங்கள் அறிய வேண்டிய செய்தியே.

இன்ஷா அல்லாஹ், சம்பந்தம் கூடினால் முறைகளில் குறை வைக்காதீர்கள். அபிசீனியாவில் இருந்த உம்மு ஹபீபா (ரலி) அவர்களுக்கும் மதீனாவில் இருந்த நபி (ஸல்) அவர்களுக்கும் நிக்காஹ் நடந்தபோது, நஜ்ஜாஷி மன்னர் முன்னின்றார். மணமகள் சார்பில் காலித் பின் ஸயீத் (ரலி) வகீலாயிருந்தார். 400 தீனார் மஹரும் அங்கேயே தரப்பட்டது. கடல் குறுக்கே நின்றும் ஒன்றும் விடுபடவில்லை. நிக்காஹ் இங்கு நடக்குமாயின் ஜமாஅத் பதிவேட்டோடு நிறுத்தாமல், தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசிலும் பதிவு செய்யுங்கள். அயல்நாட்டில் உங்கள் மகள் மனைவி என்பதற்கு அந்தத் தாள்தான் பேசும்.

சகோதரியே, உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்: ஊர் சிரித்தால் நான்கு நாள். விசாரியாமல் கொடுத்த மகள் அழுதால், அந்த அழுகை கடலைத் தாண்டி நம் காதில் விழாது.

வல்ல அல்லாஹ் உங்கள் மகளுக்குக் கண்குளிர்ச்சியான துணையை அருள்வானாக! ஆமீன்.