கட்டிய பிறகு யார் பார்ப்பது?

வத்தலக்குண்டை அடுத்த சேவுகம்பட்டி கண்ணுக்குக் கிராமம். அரசுக் கணக்கில் பேரூராட்சி. இந்த வேறுபாடு பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் வந்து நிற்கிறது. கிராம ஊராட்சிகளில் நூறு நாள் வேலைத் திட்டப் பணத்தையும் சேர்த்துப் பள்ளிச் சுற்றுச்சுவர், சத்துணவுச் சமையற்கூடம் என்று கட்டிக்கொள்ள முடிந்தது. பேரூராட்சிகளுக்கு அந்த வழி கிடையாது. போதாததற்கு, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தும் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரிலேயே நடக்கும் தொடக்கப் பள்ளிகள் தமிழகத்தில் உண்டு. அங்கே கூரை ஒழுகினால் தலைமை ஆசிரியர் யாரிடம் மனுக் கொடுப்பது? ஒன்றிய அலுவலகத்திலா, பேரூராட்சி அலுவலகத்திலா? இரண்டு வாசலிலும் ஏறி இறங்குவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது.

புதிதாகக் கட்டுவதற்கு அரசு பணம் ஒதுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது: ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள். அதற்கு முன்பே உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் வந்துவிட்டன. பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள் என அறிவிப்புகள் தொடர்ந்தன. இவை அனைத்தையும் மனதார வரவேற்கிறோம். நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை திரையில் பார்த்துப் படிக்கும் பாடத்தைக் கூலித் தொழிலாளியின் மகளும் பார்த்துப் படிக்க வேண்டும். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

நம் கேள்வி, கல்வெட்டுத் திறந்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது.

ஒரு தொடக்கப் பள்ளியில் எண்பது பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி அந்தப் பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய். முப்பது பிள்ளைகளுக்குள் இருந்தால் வெறும் 10,000. 25,000 என்றாலும் மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சமே வரும் அந்தப் பணத்தில்தான் மின்கட்டணம், இணையம், குடிநீர், கற்பிக்கும் பொருள்கள், பழுதுபார்ப்பு எல்லாம் அடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்கும் எடுத்துவைக்க வேண்டும். ஸ்மார்ட் போர்டின் யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனால் புதிது வாங்கவே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்த வருடம் மொட்டைமாடித் தட்டோடு விரிசல் விட்டிருந்தால் அதை அடுத்த வருடம்தான் பார்க்க முடியும். அதற்குள் நீர் இறங்கி, பூச்சு பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை சில லட்சங்களுக்கு வளர்கிறது. பிறகு கட்டடமே ஆபத்தானது என்று எழுதி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நிதி கேட்கிறோம். மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுத் தீவனத்துக்கு எதுவும் ஒதுக்காத குடும்பம் எப்படி உருப்படும்?

இது வெறும் பணக்கணக்கு அல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 பிள்ளைகள் தீயில் கருகினார்கள். அதன்பின்தான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் ஒழிந்தன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கும் உத்தரவு வந்தது. பிள்ளைகளைப் பலிகொடுத்த பிறகே ஆய்வு நடக்கும் என்றால் அதை நிர்வாகம் என்று எப்படி ஏற்பது?

இருக்கிற சொற்ப மானியத்துக்கும் 2024-25இல் சோதனை வந்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கக் கோரும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. மொழிக் கொள்கையில் தில்லிக்கும் சென்னைக்கும் உள்ள வழக்கைப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வரை இழுத்துவந்தது பெரும் பிழை. பொதுமக்களிடம் வாங்கிய வரிப்பணம் அது.

மக்கள் கொடுக்கத் தயங்குகிறவர்கள் அல்ல. 1958 முதல் காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கு ஊர் ஊராக மக்கள் நிலமும் பொருளும் அள்ளித் தந்தார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ நன்கொடைத் திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். தை மாதத்தில் நேர்த்திக்கடனாகக் கூடை கூடையாக வாழைப்பழம் சூறைவிடும் சேவுகம்பட்டி மக்கள் தங்கள் பள்ளிக்குக் கொடுக்க மாட்டார்களா? நிச்சயம் கொடுப்பார்கள். ஆனால் நன்கொடையாளர் பெஞ்சு தருவார், திரை தருவார். தன் பெயர் எழுத இடமுள்ள எதையும் தருவார். வருடா வருடம் மாடியில் சருகு அள்ளி மழைநீர்க் குழாயைத் திறந்துவிடும் ஆளுக்குக் கூலி தர யாரும் முன்வருவதில்லை. அது அரசின் வேலை.

ஆகவே, ஒரு கட்டடத்துக்கு நிதி ஒதுக்கும்போதே அதன் மதிப்பில் குறைந்தது நூற்றுக்கு இரண்டு பங்கை ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனியாக எழுதிவைக்க வேண்டும். 25 லட்ச ரூபாய் வகுப்பறைக்கு ஆண்டுக்கு 50,000 என்பது அரசுக்குத் தாங்காத சுமையல்ல. கருவிகளுக்கும் அப்படியே, உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுதுபார்ப்பது யார் என்று கொள்முதல் ஆணையிலேயே இருக்க வேண்டும். பேரூராட்சிப் பள்ளிகளின் கட்டடத்துக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை ஒரே அரசாணையில் முடித்துவிடலாம். பெற்றோர் நிறைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கூட்டம் கூடித் தீர்மானம் எழுதுகின்றன. அந்தத் தீர்மானங்களை நிறைவேற்றும் பணமும் அவர்கள் கணக்கில் இருக்கட்டும். அதுவும் பாதி ஆண்டு கடந்தபின் தவணையாக அல்ல, கோடை விடுமுறையில் கொத்தனாரை அழைக்க வசதியாக, ஏப்ரல் மாதமே முழுத் தொகையாக.