கணினிக் கேள்வி பதில்: பாரம் ஒன்று, உறுப்பினர் பலர்

கேள்வி: ஜாவாவில் கிளாஸ், ஆப்ஜெக்ட் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எத்தனை முறை படித்தாலும் குழப்பமாகவே இருக்கிறது. (மாணவி, ஆயர் குரோ)

பதில்: துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உங்கள் தாத்தா பாட்டி அறிவார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கச் சேர்ந்த சங்கம் அது. அப்படி ஒரு சங்கத்துக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர், உறுப்பினர் எண், பங்குத்தொகை என்று கட்டங்கள் போட்ட வெற்றுப் பாரம்தான் கிளாஸ். ஒருவர் பூர்த்தி செய்து கொடுத்த பாரம் ஆப்ஜெக்ட். 'நியூ' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் புதுப் பாரம் ஒன்று பிறக்கிறது. பணம் கட்டுவது போன்ற செயல்கள் மெத்தட்.

கேள்வி: முத்துவின் விவரங்களை மாலாவுக்கு நகல் எடுத்தேன். மாலாவுக்கு 50 வெள்ளி சேர்த்தால் முத்துவுக்கும் ஏறுகிறதே? (வாசகர், அலோர் காஜா)

பதில்: 'மாலா = முத்து' என்று எழுதியிருப்பீர்கள். அது நகல் எடுக்காது. ஜாவாவில் 'முத்து' என்ற மாறிக்குள் ஆப்ஜெக்ட் இல்லை; அது எங்கே இருக்கிறது என்று காட்டும் சீட்டுதான் இருக்கிறது. இப்போது உங்களிடம் சீட்டு இரண்டு, பாரம் ஒன்று. மாலாவுக்கென்று தனியாக ஒரு 'நியூ' எழுதுங்கள். முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' அப்படியல்ல. அதில் மதிப்பே நகலாகிவிடும்.

கேள்வி: எல்லா உறுப்பினருக்கும் ஒரே தொகையைக் காட்டுகிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. (மாணவர், ஜாசின்)

பதில்: பங்குத்தொகைக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' இருக்கிறதா, பாருங்கள். 'மெயின்' மெத்தட் ஸ்டாட்டிக் என்பதால், அதிலிருந்து மற்றவற்றை அழைக்கும்போது பிழை வரும். உடனே புதியவர்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் சேர்த்துவிடுவார்கள். பிழைச் செய்தி மறையும், கணக்கு கெடும். ஸ்டாட்டிக் என்பது அலுவலகச் சுவரில் மாட்டிய ஒரே பலகை. கடைசியாக எழுதிய தொகைதான் அதில் நிற்கும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கைக்கு அது பொருந்தும். ஒருவரின் சேமிப்புக்குப் பொருந்தாது. உண்மையான சங்கமாக இருந்தால், யாரோ ஒருவர் பாடுபட்டுச் சேர்த்த பணம் ஊரார் பெயரில் தெரிந்திருக்கும். எனவே ஒவ்வொரு மாறிக்கும் முன்னால் கேளுங்கள்: இது தனித்தனியா, பொதுவா?

இன்னொரு செய்தி: ஜாவா யூனிகோடை ஏற்பதால், கிளாஸுக்கும் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'உறுப்பினர்' என்று ஒரு கிளாஸ் எழுதி, வீட்டில் மூவருக்கு ஆப்ஜெக்ட் உருவாக்கிப் பாருங்கள்.

அடுத்த வாரம்: கன்ஸ்ட்ரக்டர்.