மடகஸ்காருக்குப் புறப்படும் ஊழியக்காரரிடம் சில கேள்விகள்

புலம்பெயர் தமிழ்ச் சபையொன்று மடகஸ்காருக்கு இரண்டு வார ஊழியப் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்துள்ளது. அதற்கு நிதி கோரும் பிரசுரத்தை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்தார். முகப்பில் ஒரு லெமூர். அதன் கீழே வெறுங்காலுடன் சில சிறுவர்கள். சுவிசேஷக் கூட்டங்கள், பாடசாலைச் சுவருக்கு வர்ணம் பூசுதல், காட்டில் இரண்டு நாள் "படைப்பைத் தியானித்தல்" என்பன நிகழ்ச்சி நிரல். "ஒளி எட்டாத தேசம்" என்பது தலைப்பு.

ஒளி எட்டாத தேசமா? லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸும் தோமஸ் பெவனும் அத்தீவில் கால் பதித்தது 1818 இல். சில மாதங்களிலேயே பெவனும் அவரது குடும்பமும் ஜோன்ஸின் மனைவியும் குழந்தையும் நோயினால் மாண்டனர். தனித்து எஞ்சிய ஜோன்ஸ் 1820 இல் திரும்பவும் சென்றார். 1835 இல் முழு வேதாகமமும் மலகாசி மொழியில், தலைநகர் அன்டனனரிவோவிலேயே அச்சாகியது. அதே ஆண்டு அரசி முதலாம் ரனவலோனா தம் குடிமக்களுக்குக் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். 1837 இல் ரசலாமா என்ற பெண் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டாள். 1836 இல் மிஷனரிமார் வெளியேறியபின், 1861 இல் அரசி இறக்கும்வரை அச்சபையைக் காத்தவர்கள் அம்மண்ணின் மக்களே. வெளியார் எவருமற்ற அக்கால் நூற்றாண்டில் சபை அழியவில்லை; வளர்ந்தது. இரத்தம் சிந்தி விசுவாசத்தைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மொழிபெயர்ப்பாளர் துணையோடு நாம் எதைப் போதிக்கப் போகின்றோம்?

பணத்துக்கு வருவோம். பயணச் செலவை நபருக்கு 2,000 டொலர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு 40,000 டொலர். மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வறுமைக் கோட்டின் கீழ் வாழும் நாடு அது. சுவருக்கு வர்ணம் பூச அங்கே ஆளில்லையா? கூலி கிடைக்காதா என்று ஏங்கி நிற்பவனின் வேலையைப் பறித்து, அதற்குச் சேவை என்று பெயர் சூட்டுவது எவ்வகை அன்பு?

காட்டின் கதையும் இதுவே. அறியப்பட்ட 107 லெமூர் இனங்களில் 103 அழியும் அச்சுறுத்தலில் இருப்பதாக 2020 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அறிவித்தது. விறகுக்கும் கரிக்கும் மலைச்சரிவுப் பயிருக்கும் காடு எரிகின்றது. ஏழை காட்டை வெட்டுவது படைப்பின் மீதுள்ள வெறுப்பினாலல்ல. அடுப்பு எரிய வேண்டுமென்பதனால். அந்த அடுப்பைப் பற்றி ஒரு சொல்லுமின்றி லெமூரைப் படம் பிடித்துத் திரும்புவதற்குத் தியானம் என்று பெயரில்லை. சுற்றுலா என்றே பெயர்.

"போய் வரும் எங்கள் பிள்ளைகளின் மனம் மாறுகின்றதே" என்பர். மாறட்டும், நல்லதே. ஆனால் அப்போது பெறுபவர் நாம், கொடுப்பவர் அவ்வேழைகள். அதை நேர்மையாகச் சொல்லி, நம் சொந்தச் செலவில் போவோம். ஏழைச் சிறுவனின் படத்தைக் காட்டிக் காணிக்கை திரட்ட வேண்டாம்.

வேறு வழியே இல்லையா? இருக்கின்றது. ஆர்ஜென்டீனாவில் பிறந்த கத்தோலிக்கக் குருவான பேத்ரோ ஒபேக்கா 1970களில் அங்கு சென்று, மலகாசி மொழி பேசி, அங்கேயே வாழ்பவர். 1989 இல் அன்டனனரிவோவின் குப்பைமேட்டில் வாழ்ந்த மக்களோடு 'அகமசோவா' இயக்கத்தைத் தொடங்கினார். வீடுகளைக் கட்டியவர்கள் அம்மக்களே. உழைப்புக்குக் கூலியும் பெற்றனர். யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய பாடமன்று. 1847 இல் நம்மிடம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் இரண்டு வாரத்தில் திரும்பியவரல்லர். தமிழைக் கற்று, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அதனாற்றான் இன்றும் அவரை நினைக்கின்றோம்.

மடகஸ்கார் மக்களுக்குத் தம் தேவை தெரியும். 2025 செப்டெம்பரில் அந்நாட்டு இளைஞர்கள் தெருவில் இறங்கியது குடிநீரும் மின்சாரமும் கேட்டே. அடுத்த மாதமே ஆட்சி கவிழ்ந்தது. ஆகவே, பயணச்சீட்டு வாங்குமுன் அங்குள்ள சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "உங்களுக்கு எது வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். "நீங்கள் வரவேண்டும்" என்று பதில் வந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். "கிணறு வேண்டும்" என்று வந்தால், பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். அதுவும் ஊழியந்தான்.