முப்பது அடி தூரத்தில் ஒரு கரடி

காட்டுப் பணிக்குச் சென்றவரைக் கரடி தாக்கியது என்று நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். புதருக்குள் பதுங்கியிருந்த கரடி, ஆள் வருவதைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தது போல ஒரு காட்சி படிப்பவர் மனத்தில் எழும். நடந்திருப்பது அநேகமாக வேறு. கரடி தன் பாட்டுக்குக் கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கும். வேட்டைத் தடுப்புக் காவலர் தன் பாட்டுக்கு ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்திருப்பார். ஒருவர் இருப்பதை மற்றவர் அறிந்த நொடியில் நடுவே முப்பது அடிகூட இருந்திருக்காது.

அந்த முப்பது அடியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. வனத்துறைப் பணியில் நேரும் இத்தகைய சந்திப்புகளை விலங்கின் மூர்க்கம் என்றோ, அடிபட்டவரின் கெட்ட நேரம் என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். காற்று வீசும் திசை, புதரின் உயரம், நாளின் பொழுது, செய்யும் வேலையின் தன்மை ஆகியவைதான் பெரும்பாலும் அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் காற்றைத் தவிர மற்றவை ஓரளவு நம் கையில் இருப்பவை.

முதலில் கரடியையே எடுத்துக்கொள்வோம். நம் காடுகளில் இருக்கும் கரடிக்கு மேல்வாயின் நடுப் பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகங்களால் பிளந்து, உதடுகளைக் குழாய் போலக் குவித்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கறையானை உறிஞ்சும். அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பழகிய காது கொண்டவர் அதைக் கேட்டதும் நின்றுவிடுவார். ஆனால் கரடிக்கு அந்த இரைச்சலில் நம் காலடி கேட்காது. பார்வையும் அதற்கு மங்கல்தான். மோப்பம் நன்றாக உண்டு என்றாலும் காற்று நம் பக்கம் வீசினால் அதனாலும் பயனில்லை.

திடுக்கிட்டால் ஓடிவிட வேண்டியதுதானே, ஏன் பாய்கிறது? காலங்காலமாகப் புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்த பிராணி அது. வறண்ட காட்டில் ஓடி ஒளிய இடம் குறைவு. மரத்தில் ஏறினால் சிறுத்தையும் ஏறும். குட்டிகளை முதுகில் சுமந்தபடி வேகமாக ஓடவும் முடியாது. ஆகவே மிக அருகில் எதையாவது கண்டால் முந்திக்கொண்டு அடித்துவிடுவது அதன் தற்காப்பாகிவிட்டது. அது மனிதனைத் தின்ன வருவதில்லை. சில நொடிகள் முகத்திலும் தலையிலும் கிழித்துவிட்டுப் போய்விடும். அந்தச் சில நொடிகளில் அடிபட்டவரின் வாழ்க்கையே மாறிவிடுகிறது என்பது வேறு விஷயம். கூட்டமாகப் பேசிக்கொண்டு போகிறவர்களைவிடத் தனியாகப் போகிறவரே இதில் அதிகம் சிக்குகிறார். காரணம் எளிது: நாலு பேரின் பேச்சு அந்த முப்பது அடியை முந்நூறு அடியாக்கிவிடும்.

யானை விஷயத்தில் நகரத்து ஆட்களுக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. அவ்வளவு பெரிய உருவம் எப்படிக் கண்ணில் படாமல் போகும்? முதுமலையில் உண்ணிச்செடிப் புதர் ஒன்றின் முன் நின்று பார்த்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். யானையின் உள்ளங்கால் மெத்தை போன்றது, நடையில் ஓசை எழாது. மேயும்போது மூங்கில் முறியும் சத்தம் கேட்கும், காது விசிறும் ஓசை கேட்கும். அதுவரை கவலை குறைவு. அந்தச் சத்தம் சட்டென்று நின்றால்தான் ஆபத்து. அது நம் வாசனையைப் பிடித்துவிட்டு அசையாமல் நிற்கிறது என்று பொருள். பழங்குடிக் காவலர்கள் கையை உயர்த்திப் பின்னால் வருபவர்களை நிறுத்துவது இந்த அமைதியைக் கேட்டுத்தான். ஓடை ஓரத்தில் அதையும் கேட்க முடியாது, தண்ணீர் ஓசை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

உண்ணிச்செடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இதை ஆங்கிலேயர் காலத்தில் பூச்செடியாகத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, முள்ளோடு பின்னி, காட்டின் அடித்தளத்தையே மூடிக்கிடக்கிறது. இதை அகற்றுவது பற்றிப் பேசும்போதெல்லாம் மான்களுக்குப் புல் கிடைக்கும், யானைக்குத் தீவனம் கிடைக்கும் என்றுதான் சொல்கிறோம். சரியான காரணங்கள்தான். ஆனால் ரோந்துப் பாதையின் இரு பக்கமும் பத்து மீட்டர் புதர் இல்லாமல் இருந்தால், தினமும் நடந்து போகிற மனிதனுக்கு எதிரில் இருப்பது தெரியும். அது தொழிலாளர் பாதுகாப்பு. அப்படி அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இதில் இன்னொரு முரண் உண்டு: அந்தப் புதரை வெட்டக் குனிகிறவர்தான் எல்லோரையும்விடப் புதருக்கு அருகில் இருக்கிறார். பெரும்பாலும் அவர் அந்தக் காட்டையே ஊராகக் கொண்ட பழங்குடியினத்தவர்.

குனிவதும் சாதாரண விஷயமல்ல. நிமிர்ந்து நிற்கும் மனிதனைச் சிறுத்தை ஒரு விதமாகப் பார்க்கிறது, குந்தியிருக்கும் உருவத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. தேயிலைத் தோட்டங்களிலும் இந்த அச்சம் உண்டு. விலங்குக்கு நம் உருவம் எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே சுந்தரவனத்தில் 1980களின் பிற்பகுதியில் தேன் எடுப்பவர்களும் விறகு வெட்டுபவர்களும் பின்தலையில் மனித முகமூடி அணிந்து சென்றார்கள். புலி பின்னாலிருந்துதான் வரும், முகம் தெரிந்தால் தயங்கும் என்ற கணக்கு அது.

தீத்தடுப்புக் கோடு போடும் வேலை கோடைக்கு முன்பே தொடங்கி, காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் நடக்கும். அப்போதுதான் நீர்நிலைகள் சுருங்கும். மீதமிருக்கும் நீரை நோக்கி எல்லாமும் வரும். சருகு மிதிபடும் சத்தம்தான் அந்தப் பருவத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை. இவ்வளவு பாடுபட்டுத் துப்புரவாக்கிய கோட்டில் மறுநாள் காலை புலியின் கால்தடம் கிடக்கும். முள் குத்தாத பாதையை அதற்கும் பிடிக்கும். காட்டுக்குள் நாம் போட்ட வழி என்று ஒன்று தனியாக இல்லை.

கணக்கெடுப்புப் பணியில் சிக்கல் இன்னும் ஆழமானது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பில், ஊழியர்கள் அதிகாலையில் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். சத்தம் போட்டால் புலியின் இரையான மானும் காட்டுமாடும் விலகிவிடும், எண்ணிக்கை பிழையாகும். அதாவது, உயிரைக் காக்கும் சத்தத்தை வேலையே தடை செய்கிறது. 2021 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் தடோபாவில் கணக்கெடுப்புக்காக நடந்த பெண் வனக் காப்பாளர் ஒருவரைப் புலி கொன்றது. வழியில் உட்கார்ந்திருந்த புலியை அவருடைய குழு முன்பே பார்த்திருக்கிறது. அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறது. அது நகராததால் அடர்ந்த காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் போக முயன்றார்கள். கண்ணுக்கு எதிரில் தெளிவாக இருந்த விலங்கு, சுற்றுவழியில் இறங்கியதும் கண்ணுக்குத் தெரியாத விலங்காகிவிட்டது. அதன்பின் அங்கே நடைக் கணக்கெடுப்பை நிறுத்திவைத்தார்கள். அந்தக் குழு அவசரப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். திரும்பிப் போ என்று சொல்ல அன்று அங்கே யாரும் இல்லை, அவ்வளவுதான்.

பாம்பைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாராவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சருகில் கிடக்கும் கூர்மூக்குக் குழிவிரியனுக்கு அது உதவாது. எனவே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் மருந்தைவிட முக்கியம்.

தூரத்தைக் கூட்ட முடியும் என்பதற்கு நல்ல சான்று வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் வந்துபோகும் பீடபூமி அது. அங்கே யானையால் இறந்தவர்களில் மிகப் பலர், யானை அருகில் இருப்பதே தெரியாமல் அந்தி நேரத்தில் வீடு திரும்பியவர்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் யானைகள் நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்து, அந்தந்தப் பகுதி மக்களே கைப்பேசியால் எரியவிடும்படி செய்தார்கள். உயிரிழப்பு குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. இதில் ஒரு யானையையும் விரட்டவில்லை, வேலி போடவில்லை. தெரியாததைத் தெரியவைத்தார்கள்.

காட்டுக்குள் இந்த வேலையைச் செய்வது பிற உயிர்கள்தான். மரத்தின் மேலிருந்து மந்தி கீழே பார்த்துக் கத்தினால் அடியில் சிறுத்தையோ புலியோ நடக்கிறது. கடமானின் ஒற்றைக் குரல் திரும்பத் திரும்ப ஒரே திசையிலிருந்து வந்தால் அங்கே போகக் கூடாது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கும் பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்த முன்னோர் வேடிக்கைக்காக வைக்கவில்லை. இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருளரும் காட்டுநாயக்கரும் மலசரும் காடரும்தான். அவர்களில் பலர் வேட்டைத் தடுப்புக் காவலராக இன்னும் தற்காலிக ஊதியத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏனென்றால் முடிவாக எல்லாம் அந்த ஊதியத்தில் வந்து நிற்கிறது. முன்னால் யானை நிற்கிறது, காற்று சரியில்லை, திரும்பிவிடலாம் என்று ஒரு காவலருக்குத் தோன்றுகிறது. திரும்பினால் அன்றைய நடை பதிவாகாது, வெட்ட வேண்டிய கோடு மீதமிருக்கும் என்றால் அவர் சுற்றுவழி தேடுவார். திரும்பி வந்த நாளுக்கும் முழுக் கூலி உண்டு, காரணம் கேட்டு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்றால் அவர் தயங்காமல் திரும்பிவிடுவார். யானையும் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.