வற்றல் பாக்கியும் கம்பெனிக் கலைப்பும்

கேள்வி: மிளகாய் வற்றல் வாங்கிய கம்பெனி பாக்கி வைத்துள்ளது. அதைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. புது முதலீடு தேடுவதற்காக இப்போது அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பணம் வருமா?
– வாசகர், வேம்பார்.

பதில்: நிறுத்தி வைப்பது வேறு, ரத்து வேறு. கட்டடம், இயந்திரம், இருப்புச் சரக்கு எல்லாவற்றையும் விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவதே கலைப்பு. அந்த விற்பனை தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி நின்ற கலைப்பு ஒன்று நல்லபடி முடிந்ததும் உண்டு. பூஷண் பவர் அண்டு ஸ்டீல் நிறுவனத்தைக் கலைக்க 2025 மே 2-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மே 26-ல் அதே நீதிமன்றம் அந்த நடவடிக்கையை நிறுத்தியது. செப்டம்பர் 26-ல் ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீலின் மீட்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே ஜே.எஸ்.டபிள்யூ. ஏற்கெனவே பணம் போட்டு ஆலையை நடத்திவந்தது. இனிமேல்தான் பணம் தேட வேண்டிய கம்பெனியை அதோடு ஒப்பிட முடியாது.

பணம் வந்தாலும் பங்கீட்டில் வரிசை உண்டு. திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி நடவடிக்கைச் செலவு முதலில் தீர்க்கப்படும். திவால் நடவடிக்கையின்போது வாங்கும் இடைக்கால நிதியும் இதில்தான் சேரும். அடுத்து தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளமும் அடமானம் பெற்ற வங்கிகளும். அதன்பின் மற்ற ஊழியர்கள், அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி. வற்றல் கொடுத்தவருக்குக் கடைசிப் பந்திதான்! விதைத்து, பறித்து, களத்தில் காயவைத்தவருக்கு இது கொடுமையாகப் படும். சட்டம் இப்போது அப்படித்தான் இருக்கிறது. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் திருஆரூரான் சர்க்கரை ஆலை கை மாறிய பிறகும், கரும்பு பாக்கிக்காகவும் தங்கள் பெயரில் இருந்த வங்கிக் கடனுக்காகவும் விவசாயிகள் 2022 நவம்பர் முதல் நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

ஆகவே கலைப்பு நின்றுவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கலைப்பாளர் நாளிதழில் வெளியிட்ட விளம்பரத்தில் முகவரியும் கடைசி நாளும் இருக்கும். எடைச்சீட்டு, பில், வங்கிப் புத்தக நகல் இவற்றோடு பாக்கித் தொகையை எழுதிக் கோரிக்கை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் கொடுத்துப் பார்க்கலாம். எடைச்சீட்டு ஊர் வியாபாரி பெயரில் இருந்தால், கம்பெனிக்குப் போன சரக்கு யாருடையது என்று அவரிடம் இப்போதே எழுதி வாங்குவது அவசியம்.

கம்பெனி நிமிரட்டும் என்று மறுபடி கடனுக்குச் சரக்கு கொடுக்கச் சொல்லி ஆள் வரலாம். கையில் ரொக்கம் தந்தால் மட்டும் மூட்டையை ஏற்றுங்கள்.