அழைத்தவனே பொறுப்பாளி

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், முன்னாளில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். காலணித் தொழிற்சாலையில் தோலை வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் அவருடைய வலக்கை விரல்கள் மூன்று போயிருந்தன. முஸாஃபஹாவுக்காக நான் கை நீட்டியபோது அவர் இடக்கையை நீட்டினார். பிறகு நாணி அதையும் இழுத்துக்கொண்டார். அங்கு வந்திருந்த முதலாளி, பழக்கூடையைத் திண்ணையில் வைத்துவிட்டு, "எல்லாம் கத்ர், ஹஜ்ரத்! நம் கையில் என்ன இருக்கிறது?" என்றார். கை இழந்தவன் வீட்டில் அச்சொல் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் உணர்ந்தாரில்லை.

கத்ரை நம்புவது நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆனால், கல்லாப்பெட்டிக்குப் பூட்டும், கிடங்கிலுள்ள சரக்குக்கு இன்ஷூரன்ஸும் வைத்திருக்கும் ஒருவர், தொழிலாளியின் விரலுக்கு மட்டும் கத்ரைக் காவலாக நிறுத்துவது எவ்வகை நியாயம்? பூட்டு வாங்கும்போது நினைவுக்கு வராத விதி, இரத்தம் சிந்தியபின் மட்டும் நினைவுக்கு வருவது ஈமானாகாது. அதற்குச் சாக்கு என்று பெயர்.

அவ்விபத்து எவ்வாறு நிகழ்ந்தது? இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மட்டுமே அச்சு இறங்கும்படியாக அவ்வியந்திரங்கள் அமைக்கப்படுகின்றன. இரு கைகளும் பொத்தானில் இருக்கையில் விரல் அச்சின் கீழ் இருக்க வழியில்லை. அப்பொத்தான்களுள் ஒன்றைக் கட்டிவிட்டால் ஒரு கை விடுபடுகிறது, வேலை விரைகிறது, ஒரு மணி நேரத்தில் விழும் துண்டுகள் பெருகுகின்றன. அங்கே நடந்ததும் அதுவே. கட்டியவன் தொழிலாளியே என்றார் முதலாளி. இருக்கட்டும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர் யார்? மாலைக்குள் இத்தனை துண்டு வேண்டுமென்று நெருக்கியவர் யார்? மாதக்கணக்கில் அக்கட்டைக் கண்டும் காணாதிருந்த மேற்பார்வையாளருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்?

பிற விபத்துகளும் இத்தகையனவே. தோல் ஊறும் பெரிய மர டிரம்மினுள் ஒருவன் இறங்கி நிற்கையில், அறியாத மற்றொருவன் சுவிட்சைப் போடுகிறான். சுவிட்சுக்கு ஒரு பூட்டும் அதன் சாவி உள்ளே இறங்குபவன் மடியிலும் இருந்திருந்தால் அந்த உயிர் தப்பியிருக்கும். ஒழுகும் கூரையைச் செப்பனிட ஏறியவன் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் கால் வைக்கிறான். தகடு முறிந்து சிமெண்டுத் தரையில் வீழ்கிறான். குறுக்கே போட ஒரு பலகை இல்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவன் நச்சுக்காற்றால் மயங்கிச் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்கிய தோழனும் அங்கேயே சாய்கிறான். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனரே, அதையும் விதியென்று எழுதி மூடிவிடலாமா?

சட்டம் இல்லாமலில்லை. சுழலும் இயந்திரப் பகுதிகளுக்கு வேலி வேண்டுமென்றும், குழியையும் தொட்டியையும் மூடவோ அடைக்கவோ வேண்டுமென்றும் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அதனிடத்தில் 2020 இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொகுப்போ, மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்த வரம்பை 20 பேர் என உயர்த்திற்று. நம்மவர் நடத்தும் சிறு கூடங்களில் எத்தனை அவ்வரம்புக்குக் கீழே நிற்கின்றன! ஆயின், சட்டத்தின் கண் படாத இடத்தில் பொறுப்பும் இல்லையென்று நம்மில் யார் சொல்ல முடியும்?

அம்முதலாளி மத்ரஸாவில் சில ஆண்டுகள் ஓதியவர். எனவே கிதாபையே எடுத்து வாதிட்டார்: "பொதுவழியில் கிணறு வெட்டியவன்தானே விழுந்தவனுக்குப் பொறுப்பு? தன் சொந்த நிலத்தில் வெட்டியவன்மீது ளமான் இல்லையே, ஹஜ்ரத்!" உண்மைதான், கிதாபில் அப்படி உண்டு. ஆனால் அவர் பாதியில் ஓதுவதை நிறுத்திவிட்டார். ஹிஜ்ரி 676 இல் மறைந்த இமாம் நவவீ அவர்களின் 'மின்ஹாஜ்' அடுத்த படிக்குச் செல்கிறது: ஒருவன் தன் வீட்டு நடையில் கிணறு வெட்டி வைத்துவிட்டு ஒரு மனிதனை உள்ளே அழைக்கிறான்; வந்தவன் அதில் விழுகிறான். அழைத்தவன் பொறுப்பாளி என்பதே அங்கு வலுவான கருத்து. நிலம் அவனுடையதுதான், எனினும் அழைப்பும் அவனுடையதன்றோ?

வந்தவன் கிணற்றை அறியாதவனாக இருந்தால்தான் என்று உரையாசிரியர்கள் நிபந்தனை கூறுவர். தொழிலாளியோ அறிந்தே போகிறான் என்று மறுக்கலாம். பீகாரிலிருந்து ஒப்பந்தக்காரன் ஏற்றிவந்து மறுநாளே டிரம்மினுள் இறக்கப்படும் சிறுவயதினன் எதை அறிவான்? அறிந்தவனும், மறுத்தால் நாளை வேலையில்லை என்ற நிலையில், அந்த அறிவைக் கொண்டு என்ன செய்வான்?

இழப்பின் மதிப்பையும் சற்று எண்ணிப் பார்ப்போம். 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரலுக்கு 30, சுட்டுவிரலுக்கு 14, சுண்டுவிரலுக்கு 7 என நூற்றுக்கணக்கில் பிரித்தது. உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதே அதன் அளவுகோல். நம் ஃபிக்ஹோ ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம் எனின், விரல் ஒன்றுக்குப் பத்து என்கிறது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் அங்குச் சமம். அதாவது, சுண்டுவிரலும் ஓர் உயிரின் பத்திலொன்று! அந்தக் கணக்கைப் பாடமாக ஓதிய சமுதாயத்தில், மூன்று விரலுக்கு ஒரு பழக்கூடை விலையாகுமா?

"மருத்துவச் செலவுக்கு ஜகாத்திலிருந்து கொடுத்திருக்கிறேன்" என்றும் அவர் கூறினார். இங்கேதான் என் நெஞ்சு கொதித்தது. செலுத்தியே தீரவேண்டிய இழப்பீடு கடனாகும். தன் கடனைத் தன் ஜகாத்தால் அடைக்க எந்த மத்ஹபும் இடந்தரவில்லை. அவ்வாறு கொடுத்தவர் கடனையும் தீர்க்கவில்லை, ஜகாத்தையும் நிறைவேற்றவில்லை. மேலும், உரிமையோடு பெறவேண்டியதைக் கையேந்திப் பெறச் செய்து, காயம்பட்டவனை இரண்டாம் முறை காயப்படுத்தினார்.

செய்ய வேண்டியவை மலையைப் பெயர்க்கும் காரியங்களல்ல. கட்டிய பொத்தானை அவிழ்க்கட்டும். டிரம் சுவிட்சுக்குப் பூட்டுப் போடட்டும். குழிகளை மூடட்டும். கூரையேறுபவனுக்குப் பலகையும் கயிறும் கொடுக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தொழிலாளியின் பெயரை ஈ.எஸ்.ஐ.யில் பதியட்டும், விபத்து நடந்த மாலையில் ஓடிப்போய்ப் பதியும் வழக்கம் ஒழியட்டும். ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல்: பள்ளிவாசல் மினாராவுக்கு நன்கொடை தருபவரிடம், அவருடைய கூடத்துக் குழிகள் மூடப்பட்டனவா என்று ஒருமுறை கேளுங்கள். தாய்மார்களே! மகனை வேலைக்கு அனுப்புமுன் கூலி எவ்வளவென்று கேட்கிறீர்கள். இயந்திரத்துக்கு வேலி உண்டா என்றும் கேளுங்கள்.

என் மாணவர் இப்போது இடக்கையால் எழுதப் பழகுகிறார். அலிஃபு நேராக வருகிறது. மீம் இன்னும் வளைய மறுக்கிறது. அதைத் தாளில் காட்டியபோது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர் சொல்லாததை நாமாவது சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.